சூசான் லெங்லென் அம்மையார்

கலை வல்லார் தம் கலைக்குப் பொருள் பெறுதல் இழிவாகுமோ என்பது பண்டுதொட்டு எழுந்துவரும் வினாவாகும். புறநானூறு பயின்றோர் பெருஞ்சித்திரனார் என்னும் புலவரை அறிவர். அதியமான் நெடுமான் அஞ்சியிடத்துப் பரிசில் வேண்டிச் சென்ற அவரை, அவ்வரசன் நேரிற் காணாது, பரிசிலை மட்டும் பிறர் கையில் விடுத்தான். புலவர் அதனை ஏற்றிலர். பொருளின் மிகுதி தமக்குப் பெரிதன்று என்றும், தம் புலமையின் அளவறிந்து கொடுக்கும் கொடை எத்துணைச் சிறிதாயினும் அதுவே தமக்கு உவப்பாம் என்றும் உணர்த்தினார். பரிசில் பெறுதலை அவர் இழிவெனக் கருதினாரல்லர். தகுதி அறியப்படாமையையே இழிவெனக் கருதினார்.

இவ்வெண்ணத்தை மனத்திற் கொண்டே, பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் செய்யுள் இயற்றியவரல்லர். டென்னிஸ் மட்டை ஏந்தியவர். இக்காலத்தில் உலகின் பல நகரங்களிலும் பெண்டிர் ஊதியங் கொண்டு ஆடும் டென்னிஸ் ஒற்றையர் போட்டிகள் ஆண்டு முழுதும் நிகழ்கின்றன. அவற்றில் வெற்றி பெறும் இளம் பெண்கள் பெரும் பொருள் ஈட்டுகின்றனர். அதனை எவரும் குற்றமாகக் கூறுவதில்லை. ஆனால், ஒரு பெண் தன் ஆட்டத்திற்கு வெளிப்படையாக ஊதியம் கேட்டபோது உலகம் அவளைப் பழித்த காலம் ஒன்றிருந்தது. அப்பழியை முதன்முதல் ஏற்றவரே சூசான் லெங்லென் அம்மையார்.

அம்மையார் 1899-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஷார்ல் லெங்லென். குதிரை பூட்டிய பொது வண்டிகளை அந்நகரில் ஓட்டி வந்த நிறுவனம் ஒன்று அவர்க்கு முன்னோர்வழி வந்த சொத்தாக இருந்தது. அதனாற் செல்வத்திற்குக் குறைவில்லை. குறைவு மகளின் உடல் நலத்திலேயே இருந்தது. சிறுமி சூசான் ஈளை நோயால் அடிக்கடி நலிவுற்றாள். திறந்த வெளியில் ஓடியாடினால் மகள் தேறுவாள் என எண்ணிய தந்தையார், 1910-ஆம் ஆண்டில், பாரிசுக்கு வடக்கே தமக்கிருந்த நாட்டுப்புற இல்லத்தில் அவளுக்கு ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்தார். நோய்க்கு மருந்தாக வந்த மட்டை சின்னாளில் அக்குடும்பத்தின் முழு முயற்சியாக மாறியது.

தந்தையார் டென்னிசிற் புகழ்பெற்ற ஆட்டக்காரரல்லர். ஆயினும், பிறர் ஆட்டத்தை உற்று நோக்கி அதன் நுட்பங்களை ஆராயும் ஆற்றல் அவர்க்கு மிகுதியாக இருந்தது. அக்காலத்துப் பெண்டிர் பெரும்பாலும் களத்தின் பின்கோட்டருகே நின்று, பந்தை மெல்ல மெல்லத் திருப்பி அனுப்பிக் கொண்டிருப்பர். ஆடவரைப் போல முன்சென்று, பந்து நிலத்திற் படுமுன் அடித்தலும், களத்தின் மூலைகளை நோக்கி வலிந்தடித்தலும் அவரிடை அரிய. தம் மகள் ஆடவர் ஆட்டத்தையே பயிலவேண்டும் எனத் தந்தையார் துணிந்தார். களத்தின் எதிர்ப்புறத்தே ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேற் பந்து விழுமாறு அடிக்கச் செய்வார். பின் அக்கைக்குட்டையை வேறோர் இடத்திற்கு மாற்றுவார். இங்ஙனம் நாள்தோறும் நெடும்பொழுது பயிற்சி நடந்தது. பிழைத்தால் பலரறியக் கடிந்துரைத்தலும் உண்டு. குளிர்காலத்தைத் தென்கடற்கரையிலுள்ள நீஸ் நகரிற் கழித்த அக்குடும்பம், அங்கிருந்த டென்னிஸ் கழகத்திற்கு அணித்தே வாழ்ந்தது. அவண் விளையாட வந்த சிறந்த ஆடவரோடு ஆடிப் பழகும் வாய்ப்பும் சிறுமிக்குக் கிடைத்தது. இப்பயிற்சியே அம்மையாரை ஒப்பற்றவராக்கிற்று. அவர் வாழ்நாள் முழுதும் களத்தில் அமைதியின்றித் துன்புற்றமைக்கும் இதுவே ஒரு காரணமாகும் என யாம் கருதுகின்றோம். தோல்வி என்பதைப் பொறுத்துக் கொள்ளக் கற்பிக்கப்படாத உள்ளம் அவருடையது.

1914-ஆம் ஆண்டில் அவர் பிரெஞ்சுப் போட்டியின் இறுதிப் பந்தயம் வரை சென்று மார்கரித் புரோக்கெதீஸ் என்பவரிடம் தோற்றார். அவ்வாண்டிலேயே, பாரிசை அடுத்த சேன் குளூவில் நடந்த உலகக் கடினத்தரைப் போட்டியில் பல நாட்டினரையும் வென்று வாகை சூடினார். அப்பொழுது அவர் பதினைந்தாம் ஆண்டை நிறைவு செய்து சின்னாட்களே சென்றிருந்தன. ஆனால் அக்கோடை முடியுமுன் ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டது. ஆடுகளங்கள் வெறுமையுற்றன. போர் நிகழ்ந்த ஆண்டுகளிலும் நீஸ் நகரில் அவரது பயிற்சி இடையறாது நடந்தது. போர் முடிந்து, 1919-இல் விம்பிள்டன் போட்டி மீண்டும் தொடங்கியபோது, அவர் இருபது வயது நங்கையாக இங்கிலாந்தை அடைந்தார்.

விம்பிள்டனில் அவர்க்கு அதுவே முதற்போட்டி. அங்குள்ள புல்தரையும் அவர்க்குப் புதிது. எனினும் எதிர்த்தோரை யெல்லாம் எளிதில் வென்று, முன்னைய வாகையாளராகிய டாரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையாரை எதிர்க்கும் நிலையை எய்தினார். சேம்பர்ஸ் அம்மையார் நாற்பது வயதினர். விம்பிள்டனில் ஏழுமுறை பட்டம் பெற்றவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் காண வந்திருந்த அப்பந்தயம் 44 கேம்கள் வரை நீண்டது. மூன்றாம் செட்டில் சேம்பர்ஸ் அம்மையார் இருமுறை வெற்றிக்கு ஒரே புள்ளி குறைவான நிலையில் நின்றார். அவற்றுள் ஒருமுறை லெங்லென் அம்மையாரின் மட்டைச் சட்டத்தின் மரத்திற் பட்ட பந்து, தற்செயலாக வலையைக் கடந்து எதிர்ப்புறத்தே வீழ்ந்தது. நூலிழையில் தோல்வியினின்றும் தப்பிய அவர், 10-8, 4-6, 9-7 என்ற கணக்கில் வென்றார். களைப்புற்ற மகளுக்கு, பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டிகளைத் தந்தையார் இடையிடையே அளித்தார் என்பதும் அப்பந்தயத்தைப் பற்றி வழங்கும் செய்தியாகும்.

ஆட்டத்தினும் அவரது உடையே பலரைத் திடுக்கிடச் செய்தது. அந்நாளைய மகளிர் தரையளாவும் பாவாடையும், கழுத்தும் கையும் மூடிய சட்டையும், இடையை இறுக்கும் கச்சும் அணிந்தே ஆடுவர். அத்தகைய உடையில் ஓடுவதெங்ஙனம்? லெங்லென் அம்மையார் கச்சை நீக்கினார். குறுகிய கையுடைய மேற்சட்டையும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடையும் அணிந்தார். பிற்காலத்தில் ழான் பட்டூ என்னும் பாரிஸ் உடைக்கலைஞர் அமைத்துக் கொடுத்த உடைகளையும், தலையிற் சுற்றிய வண்ணப் பட்டுத்துகிலையும் பல நாட்டு மகளிரும் பின்பற்றலாயினர். இது வெறும் அலங்காரமன்று. பந்தை எட்டுதற்பொருட்டு அவர் கூத்தர் போலத் துள்ளித் தாவுவார். அத்தாவுதலுக்கு இடந்தந்தது அவ்வுடையே. பெண்ணின் உடம்பு தளையின்றி இயங்கினால் எத்துணை விரைவும் அழகும் பெறும் என்பதை ஆயிரக்கணக்கானோர் அவரிடத்தே முதன்முதற் கண்டனர்.

1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அவர் ஒற்றையர் ஆட்டத்திலும், மாக்ஸ் தெக்கூஜீஸ் என்பவருடன் கலப்பு இரட்டையர் ஆட்டத்திலும் பொற்பதக்கம் பெற்றார். ஒற்றையர் பந்தயங்கள் அனைத்திலும் எதிரிகட்கு அவர் விட்டுக் கொடுத்தவை நான்கு கேம்களே. 1919 முதல் 1923 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்தும், பின்னர் 1925-இலும், ஆக ஆறுமுறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் அவர்க்கே உரியதாயிற்று. அவ்வாறு ஆண்டுகளிலும் எலிசபெத் ரயன் அம்மையாருடன் சேர்ந்து மகளிர் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1925-இல் விம்பிள்டன் ஒற்றையர் பந்தயங்களில் அவர் இழந்த கேம்கள் மொத்தம் ஐந்தே. முந்தைய ஆண்டின் வாகையாளராகிய கிட்டி மக்கேன் அம்மையார் அவரிடம் ஒரு கேமும் பெறாது தோற்றார்.

இவ்வாண்டுகளில் அவர் ஒற்றையர் பந்தயத்தில் ஒரே ஒருமுறைதான் தோல்வியுற்றார். அதனையும் மறையாது கூறுதல் வரலாற்று நெறியாம். 1921-இல், போராற் பாழ்பட்ட பிரெஞ்சு ஊர்கட்குப் பொருள் திரட்டும் அறப்பணியை முன்னிட்டு அவர் அமெரிக்கா சென்றார். உடல் நலங் குன்றியிருந்தது. கடற்பயணத்தின் களைப்பும் தீரவில்லை. அந்நிலையில், நியூயார்க்கை அடுத்த ஃபாரஸ்ட் ஹில்ஸ் களத்தில், மோல்லா மல்லோரி அம்மையாரை எதிர்க்க நேர்ந்தது. முதற்செட்டை 2-6 என இழந்த அவர், இரண்டாம் செட்டின் தொடக்கத்தில் இருமலும் கண்ணீருமாக ஆட்டத்தை விட்டு வெளியேறினார். கூட்டம் எள்ளிற்று; தோல்வியைத் தாங்காது நோயைச் சாக்காகக் கொண்டார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நோய் மெய்யே என்று கொள்ளுதற்குச் சான்றுண்டு. ஆயினும், நோயுற்ற வேளையிலும் நின்று தோற்கும் பொறுமை அவரிடம் இல்லை என்பதையும் யாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மறு ஆண்டில் விம்பிள்டன் இறுதிப் பந்தயத்தில் அதே மல்லோரி அம்மையாரை 6-2, 6-0 என்ற கணக்கில், 26 நிமிடங்களில் வென்றார்.

அந்த 1922-ஆம் ஆண்டிலேதான் விம்பிள்டன் போட்டி பழைய சிறு களத்தை விட்டுச் சர்ச் ரோட்டிலுள்ள பெருங்களத்திற்கு மாறியது. மக்கள் திரளைப் பழைய இடம் தாங்கவில்லை. அத்திரளை ஈர்த்தவருள் முதல்வர் லெங்லென் அம்மையாரே என்பது விளையாட்டு வரலாறு எழுதினோர் பலர்க்கும் ஒத்த முடிபு. அவர் ஆடுகின்றார் எனின் நுழைவுச் சீட்டுகள் விற்றுத் தீரும். அப்பணம் யாரைச் சேர்ந்தது? இவ்வினாவே இவ்வரலாற்றின் நடுநாயகமாகும்.

அக்காலத்து டென்னிஸ் சங்கங்கள் அமெச்சூர் என்னும் முறையைக் கண்ணுங் கருத்துமாகக் காத்து வந்தன. அச்சொற்கு விருப்பத்தால் ஆடுபவர் என்பது பொருள். பொருளுக்காக ஆடாது, ஆட்டத்தின்மீதுள்ள அன்பினால் ஆடுதல் உயர்ந்ததன்றோ என ஒருவர் வினவலாம். உயர்ந்ததே. ஆனால் உணவுக்கும் உறையுளுக்கும் கவலையில்லாதவர்க்கே அவ்வுயர்வு எளிதிற் கைகூடும். நாள்தோறும் உழைத்துண்ணும் ஏழையொருவர் ஆண்டில் பல திங்கள் நாடு விட்டு நாடு சென்று ஊதியமின்றி ஆடுவதெங்ஙனம்? ஆட்டக்காரர்க்கு ஒன்றுமில்லை எனக் கூறிய சங்கங்களோ, நுழைவுச் சீட்டின் வருவாயைக் குறைவின்றிப் பெற்றன. புகழ்பெற்ற ஆட்டக்காரர்க்கு வழிச்செலவு என்ற பெயராலும் பிற வழிகளாலும் மறைவிற் பொருள் கைமாறுதலும் உலகறிந்த இரகசியமாக இருந்தது. எனவே, பொருள் பெறுதல் குற்றமன்று, வெளிப்படையாகப் பெறுதலே குற்றம் என்னும் நிலை ஏற்பட்டிருந்தது.

இம்முரண்பாடு நன்கு வெளிப்பட்டது 1926-ஆம் ஆண்டிலாம். அவ்வாண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், கான் நகரத்துக் கார்ல்டன் கழகத்தில், லெங்லென் அம்மையாரும் அமெரிக்க வாகையாளராகிய ஹெலன் வில்ஸ் அம்மையாரும் ஒருவரையொருவர் எதிர்த்தனர். வில்ஸ் அம்மையார்க்கு வயது இருபது. இருவரும் ஒற்றையர் ஆட்டத்தில் எதிர்நின்றது அந்த ஒருமுறையே. சீட்டுகள் பெருவிலைக்கு விற்றன. உள்ளே இடம்பெறாதோர் அண்டை வீட்டுக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று கண்டனர். முதற்செட்டை 6-3 என வென்ற லெங்லென் அம்மையார், இரண்டாவதில் வெற்றிக்கு ஒரு புள்ளியே எஞ்சிய வேளையில், வில்ஸ் அம்மையார் அடித்த பந்து எல்லைக்கு வெளியே வீழ்ந்ததென எழுந்த குரலைக் கேட்டு ஆட்டம் முடிந்ததெனக் கொண்டார். இருவரும் கை குலுக்கினர். கூட்டம் களத்திற் புகுந்தது. அப்பொழுது கோட்டருகே இருந்த நடுவர் முன்வந்து, குரல் கொடுத்தவர் பார்வையாளருள் ஒருவரே என்றும், பந்து எல்லைக்குள்ளேதான் வீழ்ந்தது என்றும் அறிவித்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று. வென்றுவிட்டதாக ஒருகால் எண்ணிய உள்ளத்தை மீட்டும் போருக்குத் திருப்புதல் எத்துணை அரிது என்பதை ஆடினோர் அறிவர். வில்ஸ் அம்மையார் சமநிலை எய்தினார். ஆயினும் இறுதியில் 8-6 என லெங்லென் அம்மையாரே வென்று, வென்றவுடன் தளர்ந்து அழுதார். அன்று திரண்ட பெரும்பொருளில் அவ்விரு பெண்களுக்கும் சட்டப்படி உரிய பங்கு ஒன்றுமில்லை.

அவ்வாண்டு கோடையில் விம்பிள்டன் தன் பொன்விழாவைக் கொண்டாடிற்று. ஒருநாள் அம்மையாரின் பந்தய நேரம் மாற்றி அமைக்கப்பட்டது. அச்செய்தி அவர்க்கு உரியவாறு சென்று சேரவில்லை. அவர் களத்தை அடைவதற்குள், அவர் ஆட்டத்தைக் காண வந்திருந்த மேரி அரசியார் நெடும்பொழுது காத்திருக்க நேர்ந்தது. ஒழுங்கு செய்தோர் கடிந்தனர், அம்மையாரும் சினந்தார். அரசியை அவமதித்தார் என்னும் பழி நாடெங்கும் பரவிற்று. முன்னர் அவரைப் போற்றிய கூட்டமே இப்பொழுது முகஞ் சுளித்தது. சின்னாட்களில் அவர் போட்டியினின்றும் விலகினார். அதற்குப்பின் விம்பிள்டனில் அவர் ஆடியதில்லை.

அந்நாளில் அவர்க்கு வயது இருபத்தேழு. குடும்பச் செல்வம் சுருங்கியிருந்தது; தந்தையார் நோயுற்றிருந்தார். டென்னிஸ் அன்றி வேறு தொழில் அவர் கற்றிலர். இந்நிலையில் சி. சி. பைல் என்னும் அமெரிக்கர், தம் நாட்டில் ஊர்தோறும் ஆடிக்காட்டும் பொருட்டு அவரை அழைத்தார். காற்பந்து வீரர் ரெட் கிரேஞ்சின் ஆட்டங்களை ஒழுங்கு செய்து பெயர் பெற்றவர் இந்தப் பைல். அம்மையார் பெறவிருந்த ஊதியம் 50,000 டாலர். 1926 ஆகஸ்டில் அவர் உடன்பட்டார். அக்கணமே அமெச்சூர் உலகத்தின் கதவுகள் அவர்க்கு அடைபட்டன. விம்பிள்டன் கழகம் அவர்க்கு அளித்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியும் பறிக்கப்பட்டது. பொருளாசையாற் புகழை விற்றார் எனப் பலர் எழுதினர்.

இப்பழிக்கு அவர் அளித்த விடை தெளிவானது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் ஆட்டத்தால் டென்னிஸ் சங்கங்கட்குப் பல இலட்சம் பிராங்குகள் வருவாயாக வந்தமையையும், அவ்வருவாயை ஈட்டிக் கொடுக்கும் போட்டியிற் கலந்துகொள்வதற்கே தாம் கட்டணம் செலுத்தி வந்தமையையும் எடுத்துக் காட்டினார். தம் உழைப்பால் பிறர் பொருள் பெறுதல் அறமாயின், தாமே பெறுதல் எங்ஙனம் குற்றமாகும் என வினவினார். செல்வமில்லாதார் ஆட இயலாதவாறு செய்யும் விதிகள் நேர்மையானவை அல்ல என்பதும் அவர் கருத்து. நூற்றாண்டு கடந்து இதனை எண்ணிப் பார்க்கும் எமக்கு, அவ்வினாவிற்கு அன்று எவரும் ஏற்ற விடை கூறியதாகத் தோன்றவில்லை.

1926 அக்டோபர் 9-ஆம் நாள் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. ஏறத்தாழப் பதின்மூவாயிரவர் கூடியிருந்தனர். அம்மையாரை எதிர்த்து ஆட அமர்த்தப்பட்டவர், 1912 முதல் 1914 வரை மூன்றாண்டு அமெரிக்க வாகை சூடிய மேரி பிரௌன் அம்மையார். ஆடவருள் வின்சென்ட் ரிச்சர்ட்ஸ் முதலிய சிலரும் உடன் சென்றனர். விரித்தற்கும் சுருட்டுதற்கும் ஏற்ற கித்தான் தரை ஒன்றை எடுத்துச் சென்று, மண்டபங்களிற் பரப்பி ஆடினர். இரவில் ஆட்டம், பின் நெடும்பயணம், மறுநாள் வேறோர் ஊர் என நான்கு திங்கள் கழிந்தன. அமெரிக்க நகரங்களேயன்றிக் கனடாவிலும் கியூபாவிலும் ஆடினர். மேரி பிரௌன் அம்மையாருடன் ஆடிய 38 பந்தயங்களிலும் லெங்லென் அம்மையாரே வென்றார்.

இவ்வெற்றியிலேயே அம்முயற்சியின் குறையும் அடங்கியிருந்தது. முடிவு முன்னரே தெரிந்த போட்டி எத்துணை நாள் மக்களைக் கவரும்? பெண்டிர் பலர் சேர்ந்து ஆடும் தொழில்முறைப் போட்டி ஒன்று அன்று உலகில் இல்லை. எதிர்க்கத்தக்கோர் அனைவரும் அமெச்சூர் விதிகளின் வேலிக்குள் இருந்தனர். 1927 பிப்ரவரியில் பயணம் முடிந்தது. பைல் அதனைத் தொடரவில்லை. அவ்வாண்டு இங்கிலாந்தில் சில ஊர்களில் ஆடியபின், அம்மையார் பந்தய உலகினின்றும் ஏறத்தாழ ஒதுங்கினார். தந்தையார் 1929-இல் காலஞ் சென்றார்.

எஞ்சிய ஆண்டுகளை அவர் கற்பித்தலிற் கழித்தார். பாரிசில் ரோலான் காரோஸ் களத்திற்கு அணித்தே டென்னிஸ் பள்ளி ஒன்றை நடத்தி, சிறுவர் சிறுமியர்க்கு ஆட்டம் பயிற்றினார். பிரெஞ்சு டென்னிஸ் சங்கமும் பின்னர் அப்பள்ளியை ஏற்றுப் போற்றிற்று. ஒருகால் தம்மைப் புறந்தள்ளியோரின் பிள்ளைகட்கே தம் கலையைக் கையளித்தார் என்னலாம். ஆனால் இளமை முதல் நலிந்த உடம்பு நீடித்து நிற்கவில்லை. 1938-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், இரத்தச் சோகை நோய் முற்றி, தமது முப்பத்தொன்பதாம் வயதில் பாரிசில் உயிர் நீத்தார். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், கான் நகரில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ் அம்மையார், விம்பிள்டனில் தமது எட்டாம் ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார். செயின்ட் ஊவான் இடுகாட்டில் அம்மையாரின் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் தொடங்கிய வழி நெடுங்காலம் முட்புதராகவே கிடந்தது. 1941-இல் ஆலிஸ் மார்பிள் அம்மையாரும் மேரி ஹார்ட்விக் அம்மையாரும் ஊதியங் கொண்டு ஊர்தோறும் ஆடினர். 1947-இல் பாலின் பெட்ஸ் அம்மையார், தொழில்முறையில் ஆடுதல் பற்றி ஆராய்ந்தமைக்காகவே அமெச்சூர் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டார். விம்பிள்டனில் இருமுறை வென்ற கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சன் அம்மையாரோ, பின்னர்ப் பிழைப்பின்பொருட்டு, கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளைகளில் டென்னிஸ் ஆடிக்காட்டும் நிலைக்கு வந்தார். 1968-இல்தான் பெரும்போட்டிகள் இருதிறத்தார்க்கும் பொதுவாயின. அவ்வாண்டு விம்பிள்டனில் வென்ற ஆடவர் பெற்றது 2,000 பவுன். பெண் பெற்றது 750 பவுன்.

இவ்வேற்றுமையைப் பொறாத ஒன்பது பெண்கள், பில்லி ஜீன் கிங் அம்மையாரும் ரோசி கசால்ஸ் அம்மையாரும் உள்ளிட்டோர், 1970 செப்டம்பரில் ஹியூஸ்டன் நகரிற் கூடினர். டென்னிஸ் இதழொன்றை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் அம்மையாருடன், ஆளுக்கு ஒரே டாலர் ஊதியத்திற்கு ஒப்பந்தம் எழுதினர். தம் சங்கம் தம்மை விலக்கினும் விலக்குக என்னுந் துணிவு அவ்வொரு டாலரில் இருந்தது. பெண்டிர்க்கே உரிய தொழில்முறைப் போட்டித் தொடர் அதிலிருந்தே வளர்ந்தது. 1973-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் லண்டனில் தோன்றியது. அவ்வாண்டே அமெரிக்கத் திறந்த போட்டி இருபாலார்க்கும் ஒத்த பரிசு வழங்கிற்று. விம்பிள்டனும் பிரெஞ்சுப் போட்டியும் 2007-இல் அந்நிலையை எய்தின. லெங்லென் அம்மையார் ஊதியங் கேட்டுப் பழியேற்ற ஆண்டிற்கும் இதற்கும் இடைப்பட்டவை எண்பத்தோர் ஆண்டுகள்.

அம்மையார் குறையே இல்லாதவர் என யாம் கூறவில்லை. முன்கோபமும் செருக்கும் அவரிடம் இருந்தன, தோல்வியைத் தாங்கும் உரம் இல்லை, காலந்தாழ்த்தலும் உண்டு. ஆயினும், மறைவிற் கைநீட்டிப் பெறுவதினும், பலரறிய உரிமையாகக் கேட்டுப் பெறுவதே நேர்மை என அவர் துணிந்தார். அத்துணிவிற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதன் பயனை நுகர்ந்தவரோ பின்வந்த பெண்கள். இன்று பிரெஞ்சுப் போட்டியில் ஒற்றையர் வெற்றி பெறும் பெண்ணிற்கு அளிக்கப்படும் கோப்பை அவர் பெயரையே தாங்குகின்றது. ரோலான் காரோசிலுள்ள பெருங்களம் ஒன்றும் 1997 முதல் அவர் பெயரால் வழங்குகின்றது.

பெருஞ்சித்திரனார் நாடியது பொருளின் அளவையன்று. தம் தகுதி அறியப்படுதலையே என முதற்கண் கூறினோம். ஹியூஸ்டனில் ஒன்பது பெண்கள் ஒரு டாலரை மகிழ்ந்து பெற்றதும் அக்கருத்துப் பற்றியே. கலையாயினும் கல்வியாயினும் ஆட்டமாயினும், ஒருவரது உழைப்பால் நாம் இன்பம் நுகர்ந்தவிடத்து, அவர்க்குரிய கைம்மாறு அவரைச் சேர்ந்ததா என நாம் உசாவுதல் வேண்டும். அவர் பெண்ணாயின், இன்னும் ஒருமுறை உசாவுதல் வேண்டும். கார்ல்டன் கழகத்தின் கூரைமேல் ஏறிநின்று கண்டு களித்தோர் பலர் இதனை உசாவினாரல்லர். நாம் அவ்வாறு இராது, உரியவர்க்கு உரியதை வழங்கும் வழக்கத்தை இக்கல்லூரி நாட்களிலேயே பயில்வோமாக.